சென்னையிலிருந்து பையில் வரும் கோமாளி மீனைத் தொட்டியில் இறக்குவது எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: மூன்று அடி நீளத்தில் பவளத் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கோமாளி மீன் வரவழைத்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் விட்டுப் பழக்கித்தான் இறக்கினார். முதல் நாள் நன்றாக நீந்திய மீன் மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. இப்போது தொட்டியில் மீன் எதுவும் இல்லை. ஒரு ஜோடி வாங்கப் போகிறார். சொட்டு முறை சரிதானா, கூடவே அது தங்குவதற்கு அனிமோன் என்ற கடலுயிரும் வாங்க வேண்டுமா, தேங்காய்ப்பட்டணத்தில் கடல்நீர் எடுத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சொட்டு முறை தவறானது அல்ல; உங்கள் மீன் வந்த வழிக்குத்தான் அது பொருந்தவில்லை. திருவனந்தபுரத்தில் வாங்கி இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் மீனையும், முந்தின நாள் மாலையில் சென்னையில் கட்டப்பட்டு இரவெல்லாம் பேருந்தில் குலுங்கி விடியற்காலையில் நாகர்கோவில் வடசேரியில் இறங்கும் மீனையும் ஒரே விதமாகக் கையாள முடியாது. முன்னதற்கு முக்கால் மணி நேரச் சொட்டு நன்றாகவே பொருந்தும். பின்னதற்கு அதே சொட்டு கேடாக முடிவது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மற்றவை தாமாகவே விளங்கும்.

பையைக் கட்டும்போது ஆக்சிஜன் அடைத்து விடுகிறார்கள். ஆகையால் மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் மீன் விடும் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் தண்ணீரிலேயே கரைந்து அதன் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இறக்கிவிடுகிறது. அதே இரவில் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவும் வெளிவந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. பி.எச். தாழ்ந்திருக்கும் வரை அந்த அம்மோனியாவில் பெரும்பங்கு அம்மோனியம் என்ற, அதிகத் தீங்கு செய்யாத வடிவில் அடங்கியிருக்கும். நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பையைத் திறந்த உடனே கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு 8.2 பி.எச். உள்ள உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டு விடுகிறீர்கள். சிலர் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனையும் உள்ளே போட்டுவிடுகிறார்கள். பி.எச். ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு ஆகிறது. மீன் இரவு முழுவதும் கழித்த கழிவு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அதன் செவுளைச் சுடுகிறது. நானும் தொடக்க காலத்தில் மூன்று மணி நேரம் சொட்டு விட்டு ஒரு மீனைக் கொன்றிருக்கிறேன். நேரம் கூடக்கூட நல்லது என்று அப்போது நம்பினேன்.

இரண்டாவது காரணம் உப்பு. விற்பனைக்காக மீனை வைத்திருப்பவர்கள் பலர், உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகளை அடக்கவும் தண்ணீரின் ஒப்படர்த்தியை (உப்பு கூடக்கூட ஏறும் அளவு; நன்னீருக்கு 1.000) 1.018 அளவிலேயே வைத்திருக்கிறார்கள். பவளத் தொட்டிக்கு வேண்டியது 1.025 முதல் 1.026 வரை. கடல் மீனின் உடல்நீரில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அது எந்நேரமும் நீரை இழந்துகொண்டு, இழந்ததை ஈடுகட்டக் கடல்நீரையே குடித்து, அதிகப்படியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. உப்பு குறைந்த நீருக்குச் சட்டென்று மாறினால் அந்த வேலை இலேசாகிறது. மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உப்பு கூடிய நீருக்கு இரண்டு மணி நேரத்தில் ஏற்றினால், செவுள் அதற்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் தேவைப்படும் நிலையில், உடல் உள்ளுக்குள் வறண்டுபோகிறது. அந்தச் சாவு அன்றைக்கே வருவதில்லை. முதல் நாள் நீந்தும், இரண்டாம் நாள் ஒதுங்கும், மூன்றாம் நாள் கிடக்கும். நீங்கள் சொன்ன விவரம் இதோடு ஒத்துப்போகிறது. ஒட்டுண்ணி நோயும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்தே மேலே சொல்கிறேன்.

ஆகவே மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதை விட்டுவிட்டு, தண்ணீரை மீனுக்குப் பொருத்துங்கள். அதற்கு ஒரு தனித்தொட்டி வேண்டும். 40 லிட்டர் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும். மணலும் பாறையும் வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போத் துண்டுகள், ஒரு ஹீட்டர், ஏர் பம்ப்புடன் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர், மேலே ஒரு வலைமூடி. வழக்கமாக, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறுவதற்காக அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் சில வாரம் ஊறவைத்து எடுப்பார்கள். உங்களுக்கு அது கூடாது. இறந்த மீனிடம் ஒட்டுண்ணி இருந்திருந்தால், அதன் கூடுகள் ஸ்பாஞ்சோடு புதிய தொட்டிக்கும் வந்துவிடும். தனித்தொட்டியிலேயே உப்புநீர் ஊற்றி, ஒரு சிறு இறால் துண்டை அழுகவிட்டோ அம்மோனியம் குளோரைடு சேர்த்தோ, புட்டியில் விற்கும் பாக்டீரியாவையும் ஊற்றி நான்கு வாரம் ஓடவிடுங்கள். போட்ட அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாகக் காட்டும்போதுதான் மீனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் இன்னோர் ஆதாயமும் உண்டு. வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணிக்கு வாழ மீன் வேண்டும். மீனே இல்லாத தொட்டியில் அது படிப்படியாக அழிந்துவிடும். அதற்குப் பொழுதுபோக்காளர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு 76 நாள். உங்கள் மீன் இறந்து ஒரு மாதம் ஆகிறது. தனித்தொட்டி தயாராக நான்கு வாரம், புதிய ஜோடி அதில் தங்க நான்கு வாரம் என்று கூட்டிப் பாருங்கள், பெரிய தொட்டி 80 நாளுக்கு மேல் மீனில்லாமல் இருந்திருக்கும். இறால், நத்தை, பவளம் ஆகியவை அங்கே இருக்கலாம்; அவற்றை அந்த ஒட்டுண்ணி பற்றாது.

மீன் புறப்படும் நாளில், அனுப்புகிறவரிடம் அவருடைய தண்ணீரின் ஒப்படர்த்தியைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. அவர் 1.020 என்று சொன்னால், உங்கள் தனித்தொட்டியை 1.019-க்கு இறக்கி வையுங்கள். சற்றுக் குறைவாக இருப்பதில் ஆபத்தில்லை, கூடுதலாக இருப்பதில்தான் ஆபத்து. வெப்பநிலை 26 டிகிரி இருக்கட்டும். உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் 10 லிட்டர் தனி வாளியில் அதே வெப்பத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்யம் பார்த்தால் போதாது, 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தை விட்டுச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் மலிவானவை பல, கடல்நீருக்காக அல்லாமல் வெறும் சமையலுப்புக் கரைசலுக்காகக் கோடு போடப்பட்டவை.

காலையில் பெட்டி வந்ததும் அறை விளக்கை மங்கலாக்கிவிட்டுத் தெர்மோகோலைத் திறங்கள். இருட்டில் இரவெல்லாம் கிடந்த மீனுக்குச் சட்டென்று வெளிச்சம் அடித்தால் பைக்குள்ளேயே மோதிக்கொள்ளும். பையைக் கட்டவிழ்க்காமல் அப்படியே தனித்தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். இந்த 20 நிமிடமும் வெப்பத்துக்காக மட்டுமே. அதன்பின் பையைத் திறந்து, ஒரே ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். தொட்டியும் பையும் 0.001-க்குள் ஒத்துப்போனால் வேறெதற்கும் காத்திருக்க வேண்டாம். சொன்னதற்கு மாறாகப் பையில் 1.017 என்று காட்டி, 36 லிட்டர் தண்ணீர் உள்ள தொட்டி 1.019-இல் இருந்தால், தயாராக இருக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் 4 லிட்டரை ஊற்றிக் கலக்குங்கள், அளவு 1.017-க்கு வந்துவிடும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். பிறகு பையைச் சாய்த்து, மீனை ஓர் அகன்ற டம்ளரில் வாங்கி, தண்ணீரை விரல்களுக்கிடையே வடித்துவிட்டு, மீனை மட்டும் கையால் தொட்டியில் நழுவ விடுங்கள். வலை வேண்டாம், அதன் சொரசொரப்பு மீனின் வழவழப்பை உரித்துவிடும். பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக்கூடாது. பையைத் திறந்ததிலிருந்து மீன் புதிய நீரில் இறங்குவது வரை ஐந்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் நான்.

மறுநாளிலிருந்து உப்பை ஏற்றலாம். நாள் ஒன்றுக்கு 0.001 அல்லது மிஞ்சினால் 0.002. 1.017-இல் தொடங்கினால் 1.025-ஐ எட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். காலையில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கலந்த 1.026 தண்ணீரை ஊற்றினால் அம்மோனியாவும் கூடவே குறையும். பெரிய தொட்டியின் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டுண்ணி பற்றி மேலே சொன்னதுதான் காரணம்.

முதல் சில நாட்களில் கோமாளி மீன் செய்யும் காரியங்கள் புதிதாக வளர்ப்பவரை நடுங்க வைக்கும். இரவில் நீர்மட்டத்துக்கு அருகே ஒருக்களித்து மிதந்துகொண்டு தூங்கும். செத்துவிட்டதென்று விளக்கைப் போட்டுப் பார்த்தால் கோபத்தோடு நிமிரும். பகலில் ஒரு மூலையை விட்டு நகராமல், உடலை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். அதன் நீச்சலே அப்படித்தான். ஹீட்டரை வீடாக்கிக்கொள்வதும் உண்டு. இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் கவலை வேண்டாம். மூன்றாம் நாளும் முகம் திருப்பினால், குளச்சல் கரையில் அன்று இறங்கிய இறாலாகப் பார்த்து வாங்கி, உரித்துக் கழுவி, ஒரு வாரம் உறைய வைத்துப் பிறகு கடுகளவாக நறுக்கி, சொட்டுக்குழாயால் அதன் முகத்துக்கு நேரே விட்டுப் பாருங்கள். குளிகைத் தீவனத்தைத் தீண்டாத மீனும் இதற்கு வாய் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்பு போட்டு உலர்த்திய கூனியைப் பொடித்துப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் சிலருக்கு உண்டு, அது வேண்டாம்.

அஞ்ச வேண்டிய அடையாளங்கள் வேறு. வாயைத் திறந்தபடி செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொள்ள, மீன் ஏர் ஸ்டோனின் குமிழிலேயே போய் நிற்பது. ஆரஞ்சு நிறம் மங்கி, தோலின்மேல் பால் படிந்ததுபோல் ஒரு படலம் தோன்றி, அது நூல் நூலாக உரிவது. இது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியின் வேலை. கோமாளி மீன்களை அது அதிகம் தாக்குவதால் வளர்ப்பவர்கள் கோமாளி மீன் நோய் என்றே சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடக்கூடியது. மாலையில் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளைப்புள்ளிக்கும் வெல்வெட் நோய்க்கும் பயன்படும் தாமிர மருந்து இதற்குப் பயன்படாது. 37 விழுக்காட்டு ஃபார்மலினை 10 லிட்டர் தனி உப்புநீருக்கு 1.5 மில்லி வீதம் கலந்து, காற்றைப் பலமாக விட்டு, பக்கத்திலேயே நின்று 45 நிமிடம் மீனை அதில் வைத்து எடுப்பதுதான் வழி. மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். குளித்து எழுந்த மீன் பழைய தண்ணீருக்குத் திரும்பாமல், புதுத் தண்ணீர் நிரப்பிய வேறொரு பாத்திரத்துக்குப் போக வேண்டும். ஃபார்மலின் புற்றுநோய் விளைவிக்கும் பொருள். கையுறை போட்டுக்கொண்டு திறந்த வெளியில்தான் கையாள வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. அந்தப் படிவு மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. நோயே தெரியாத மீனுக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மருந்து ஊற்றுவதை நான் செய்வதில்லை. நான்கு வாரம் கண்ணால் கவனிப்பதையே நம்புகிறேன்.

ஜோடியைப் பற்றி ஒன்று. கடைகளில் ஆண், பெண் என்று பிரித்துத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். சிறு கோமாளி மீன் எதுவும் பெண் அல்ல. சேர்ந்து வாழும் மீன்களில் பெரியதும் முரட்டுத்தனமானதும் பெண்ணாகிறது, அடுத்தது ஆணாகிறது. பெண்ணாக மாறியது மறுபடி ஆணாவதில்லை. ஆகையால் ஓசெல்லாரிஸ் வகையில் இளம் மீன்கள் இரண்டை, ஒன்று நன்றாகப் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் பார்த்து, ஒரே நேரத்தில் வாங்குங்கள். பெரியது துரத்தும், சிறியது உடல் முழுவதும் வெடவெடவென்று நடுங்கிக் காட்டும். அந்த நடுக்கம் வலிப்பு அல்ல, பணிவு. அது தொடங்கிவிட்டால் சண்டை முடிந்ததென்று பொருள். துடுப்பு கிழிகிற அளவுக்குப் போனால் மட்டும் பெரியதைத் துளையிட்ட பெட்டிக்குள் சில நாள் அடைத்து வையுங்கள். மூன்றாவது மீன் வேண்டாம். முடிந்தால் பண்ணையில் பிறந்த குஞ்சுகளையே கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்தது தீவனத்துக்கும் தொட்டி வாழ்க்கைக்கும் ஏற்கெனவே பழகியது. நன்றாக வைத்துக்கொண்டால் 20 ஆண்டு கூட இருக்கும்.

அனிமோன் இப்போது வேண்டாம். கடலில் கோமாளி மீனுக்கு அது கோட்டை. தின்ன வருகிறவர் இல்லாத தொட்டியில் அது இல்லாமலே மீன் நிம்மதியாக வாழும், முட்டையும் இடும். அனிமோனோ வலுவான வெளிச்சமும் மாறாத தண்ணீரும் கேட்பது. இரண்டு மாதத் தொட்டியில் அது இடம் பிடிக்காமல் ஊர்ந்து திரிந்து, தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பான பவர்ஹெட்டில் சிக்கி அரைபட்டால் தொட்டி மொத்தமும் நாறிவிடும். ஓராண்டு கழியட்டும். அப்போதும் பபிள் டிப் வகையை வாங்கினால் ஓசெல்லாரிஸ் அதை ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இயற்கையில் அவை கூட்டாளிகள் அல்ல. பல மீன்கள் ஏற்கின்றன, சில ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய்ப்பட்டணத்தில்தான் குழித்துறையாறு கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் அங்கே எடுக்கும் நீரில் ஆற்றுநீரும் ஊர்க்கழிவும் கலந்திருக்கும்; ஆனி, ஆடியில் கரையோரம் முழுக்கக் கலங்கல்தான். நாட்டுப் படகுக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்து, வெளிக்கடலில் மோந்து தந்தால் அது வேறு. அதையும் இரண்டு வாரம் இருட்டில் மூடி வைத்து, வடிகட்டி, உப்பு அளந்துதான் ஊற்ற வேண்டும். அவசியமில்லாத பாடு என்பது என் கருத்து. பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலப்பதே ஒரே சீராக இருக்கும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்து உப்பு கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் உப்புக்கு முன்பே படிந்துவிடுகின்றன. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வடிந்துபோகிறது. வாரி எடுக்கும் உப்பில் பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் மிச்சமிருப்பது மிகவும் குறைவு.

மணலுக்கும் இதே எச்சரிக்கை. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கரிய மணல் பார்க்க அழகாக இருக்கும்; அதன் கருமை இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட், கூடவே கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது. தொட்டிக்குச் சுண்ணாம்பு வகையான அரகோனைட் மணல் போதும். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டு) என்று யாராவது தர வந்தால் மறுத்துவிடுங்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

பங்குனி, சித்திரையில் தொட்டி வெப்பம் 30 டிகிரியைத் தொடும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு டிகிரி குறையும், ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது, டார்ச் பேட்டரியில் ஓடிய அந்தச் சிறு பம்ப்தான் மீன்களைக் காப்பாற்றியது.

நான்கு வாரம் நோயின்றிக் கழிந்து, தனித்தொட்டியும் பெரிய தொட்டியும் ஒரே உப்பளவுக்கு வந்தபின், மாலையில் விளக்கு அணைந்த பிறகு இரண்டு மீன்களையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அப்போது வெப்பத்தைச் சமன்செய்தால் போதும், சொட்டு எதுவும் தேவையில்லை. மீன் வந்து இறங்கும் காலையில் பைத் தண்ணீரின் ஒப்படர்த்தி எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள். எத்தனை நாளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.